லொபி மேசையில் கிடக்கும் கடிதம்: வீட்டு விவரங்கள் திருடுபோகாமல் அடைக்கும் ஒழுங்கு

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவில் ஆறு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். கடிதம் காணாமல் போனாலும், வீடு மாறிப்போனவரின் தபால் வந்து குவிந்தாலும், ஒருவர் பெயரில் இன்னொருவர் தவணைக்குப் போன் வாங்கினாலும் முதலில் தட்டப்படுவது என் கதவுதான். பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர் என்று இருபது வீடுகளுக்கு மேல் உட்கார்ந்து இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

ஆள்மாறாட்டம் செய்பவனுக்கு உங்கள் அடையாள அட்டை தேவையில்லை. அதன் ஒரு பிரதி, உங்கள் முகவரிக்கு வந்த ஒரு கரண்ட் பில், உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்க ஓ.டி.பி. (ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் இரகசிய இலக்கம்), இவ்வளவும் போதும். மூன்றும் மூன்று வேறு ஓட்டைகளால் போகின்றன. எதை முதலில் அடைப்பது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். அநேகம் பேர் கடதாசி வெட்டும் மெஷின் வாங்கித்தான் தொடங்குகிறார்கள். இந்த ஒழுங்கில் அது ஏழாவது படி.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பைல், ஒரு நீலப் பேனை. வங்கிக்கும் போன் கம்பனிக்கும் நேரில் போக ஒரு வேலை நாள் காலை. வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டைகளும் கையில் இருக்க வேண்டும். பிரதி வேண்டாம், மூல அட்டையே வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். “அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது” என்று விட்டுவிட்ட வீடுகளில்தான், பகலில் வரும் அழைப்பை எடுத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாவாக இருந்திருக்கிறார். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர்தானே.

1. ஒரு மாதம் வருவதை எழுதுங்கள்

கொப்பியில் மூன்று பத்தி போடுங்கள்: யாரிடமிருந்து வருகிறது, யார் பெயருக்கு வருகிறது, உள்ளே என்ன விவரம் இருக்கிறது. வங்கிக் கூற்று, கடனட்டைக் கூற்று, காப்புறுதி, கரண்ட் பில், தண்ணி பில், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கடிதம், கூரியர் பொதி, எதையும் விடாதீர்கள்.

வர வேண்டியது எது என்று தெரியாவிட்டால் வராமல் போனது எது என்று தெரியவே தெரியாது. கடனட்டைக் கூற்று இரண்டு மாதம் வரவில்லை என்றால் அது தபால் தாமதமாகவும் இருக்கலாம், யாரோ முகவரியை மாற்றியதாகவும் இருக்கலாம். பட்டியல் இல்லாத வீட்டில் அந்தக் கேள்வியே எழாது.

ஞாபகத்திலிருந்து எழுதுவது பிழை. நான்காம் மாடியில் ஒரு குடும்பம் ஞாபகத்திலிருந்து ஆறு எழுதியது. மாதம் முடியும்போது பதினான்கு வந்திருந்தன. அவற்றில் இரண்டு, எப்போதோ காலமான தாத்தாவின் பெயருக்கு வந்தவை. இறந்தவர் பெயருக்கு வரும் கடிதத்தை யாரும் தேடமாட்டார்கள் என்பதால் அதை எடுப்பவனுக்கு அவசரமே இல்லை. மரணச் சான்றிதழ்ப் பிரதியோடு அந்த நிறுவனத்துக்கு அறிவித்து அதை நிறுத்துங்கள்.

2. கடிதத்தைத் தொடுமுன் போன் இலக்கத்தைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் என் சொந்தப் பிழைதான். கடதாசிக் கூற்று ஆபத்து என்று கேள்விப்பட்ட அன்றே வங்கிக்கு எழுதி நிறுத்தினேன். எல்லா அறிவித்தலும் இனிப் போனுக்கு என்றார்கள். நல்லது என்று இருந்துவிட்டேன். வங்கியில் பதிந்திருந்தது நான் எப்போதோ பாவிக்காமல் விட்ட முற்கொடுப்பனவுச் சிம் இலக்கம். நீண்ட காலம் பாவிக்காத இலக்கத்தைக் கம்பனி துண்டித்து, பிறகு வேறொருவருக்கு விற்றுவிடும். முன்பின் தெரியாத ஒருவருக்கு என் கணக்கு விவரம் ஐந்து மாதம் போய்க்கொண்டிருந்தது. நல்ல மனிதர், கடைசியில் அவரே வங்கிக்கு அறிவித்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

முதலில், உங்கள் அடையாள அட்டையில் எத்தனை இலக்கங்கள் பதிந்திருக்கின்றன என்று பாருங்கள். டயலொக், மொபிடெல், ஹட்ச் ஆகியவற்றின் சேவை நிலையங்களுக்கு அட்டையோடு போய்க் கேட்கலாம். எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டதால் அந்த இலக்கம் வைத்திருந்தவர்கள் அங்கேயே கேட்கலாம். தெரியாத இலக்கம் இருந்தால் அப்போதே துண்டிக்கச் சொல்லுங்கள், எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஊரிலிருந்து லொட்ஜுக்கு வந்த தம்பிக்கு அண்ணன் பெயரில் சிம், மகளுக்கு அப்பா பெயரில் சிம், வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானுக்கு மாமி பெயரில் சிம். அவர்கள் அந்தச் சிம்மால் எதைச் செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அட்டைக்குச் சொந்தக்காரர். அதேபோல, உங்கள் வங்கி இலக்கம் இன்னொருவர் பெயரில் இருந்தால் அவர் போய் மாற்றுச் சிம் எடுக்க முடியும். யார் பாவிக்கிறாரோ அவர் பெயருக்கு மாற்றுங்கள்.

அதன் பிறகு வங்கி. பதிந்துள்ள போன் இலக்கம், மின்னஞ்சல், முகவரி மூன்றையும் கிளையிலேயே சரிபாருங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் எஸ்.எம்.எஸ். வரும்படி கேளுங்கள். சிறிய தொகைக்கு வேண்டாம் என்று சிலர் வரம்பு வைக்கிறார்கள். அப்படி வைக்காதீர்கள். களவுபோன அட்டை வேலை செய்கிறதா என்று முதலில் சிறு தொகையில்தான் பரீட்சித்துப் பார்ப்பார்கள்.

கடைசியாகப் போனுக்குள் மூன்று வேலை. சிம்முக்கு ஒரு PIN இலக்கம் போடுங்கள். பஸ்ஸில் போன் களவு போனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓ.டி.பி. வாங்குவதை அது தடுக்கும். ஆனால் கம்பனி முதலில் தந்த PIN என்னவென்று கேட்டறிந்த பிறகே தொடுங்கள், மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரியாமல் மறையுங்கள். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். கோயில் குழுவில் இருப்பவரின் பெயரில் “தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்புங்கோ” என்று வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது உங்கள் வட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. அனுப்பியவரின் கணக்கு ஏற்கனவே போய்விட்டது என்று அர்த்தம்.

3. கடிதம் விழும் இடத்தை மூடுங்கள்

தனி வீடு என்றால் வேலை சுலபம். கேற்றின் உள்பக்கம் பூட்டுள்ள பெட்டி, வெளியே கை போகாத அளவுக்கு ஒரு வாய், மழை உள்ளே போகாத சரிவான மூடி. கம்பிக்குள் சுருட்டிச் செருகிய பில்லை வீதியில் போகிற யாரும் எடுக்கலாம். மீட்டர் வாசிக்க வருபவரிடமும் பெட்டியைக் காட்டி ஒரு தடவை சொல்லிவையுங்கள்.

தொடர்மாடியில்தான் சிக்கல். கொழும்பு 4, 6 பகுதிகளில் நான் பார்த்த அநேகமான மாடிகளில் தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் கீழே லொபி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். செக்கியூரிட்டி ஒழுங்காகப் பிரித்தால் உண்டு. மின்தூக்கிக்குக் காத்து நிற்கிற விருந்தாளி, உணவு கொண்டுவந்த பையன், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர், எல்லாரும் அந்தக் குவியலைப் புரட்டுவார்கள். யாரும் கேட்பதில்லை. எங்கள் மாடியில் ஒரு நாள் மாலை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு கடிதம், அதில் பதினொன்றில் உறைக் கண்ணாடி வழியாகவே கணக்கு இலக்கத்தின் ஒரு பகுதி தெரிந்தது.

செய்ய வேண்டியது, வீட்டுக்கொரு பூட்டுப் பெட்டி. நிர்வாகக் குழுவில் செலவைப் பற்றி நிச்சயம் வாதம் வரும். எங்களுக்கு மூன்று கூட்டம் எடுத்தது. அதுவரை மேசைக்குப் பதிலாக ஒரு பூட்டுள்ள அலுமாரி போதும், சாவி செக்கியூரிட்டியிடம். பெட்டியில் மாடி, வீட்டு இலக்கம் மட்டும் எழுதுங்கள். குடும்பப் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுவது எந்தப் பெட்டியில் யாருடைய கடிதம் என்று கைகாட்டிக் கொடுப்பது.

செக்கியூரிட்டியிடம் இரண்டு விதி சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். பதிவுத் தபாலுக்கு அவர் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் அறிவித்தல் துண்டு வைப்பார், உரியவர் அடையாள அட்டையோடு தபாலகத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். அவர் கையெழுத்துப் போட்டால், கடிதம் தொலைந்தாலும் “உங்கள் இடத்தில் ஒப்படைத்தோம்” என்பதே பதிவாக இருக்கும். இரண்டாவது, எந்த வீட்டில் யார், எப்போது ஊரில் இல்லை என்று கேட்பவருக்குச் சொல்லக் கூடாது. எங்கள் செக்கியூரிட்டித் தம்பி இதைக் கேட்டுவிட்டு, “அண்ணே, கூரியர்காரங்க எல்லாரும் அததான் கேக்குறாங்க, நானும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்” என்றார். அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புதிய ஏ.டி.எம். அட்டை, கடனட்டை, காசோலைப் புத்தகம் ஆகியவற்றைத் தபாலில் வாங்காதீர்கள். கிளையில் வந்து எடுப்பதாக எழுதிக் கொடுங்கள்.

4. கடதாசியைக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள்

இப்போது போன் இலக்கம் சரி, ஆகவே வங்கிக் கூற்றை மின்னஞ்சலுக்கு மாற்றலாம். கரண்ட் பில்லையும் தண்ணி பில்லையும் போனுக்கு அல்லது மின்னஞ்சலுக்கு வரும்படி பதியலாம்.

ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். பாடசாலை அனுமதி, வங்கிக் கணக்கு, வீசா விண்ணப்பம் என்று எங்கே போனாலும் முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். போனில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினால் ஏற்காத இடங்கள் இன்னும் உண்டு. வீட்டில் வளர்ந்தவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஏதாவது ஒரு கடதாசி வரட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து முகவரிச் சான்றுக்கு கிராம அலுவலர் வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

மின்னஞ்சல் கூற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. சில வங்கிகள் அந்தக் கோப்புக்குப் போடும் திறவுச்சொல் உங்கள் அடையாள அட்டை இலக்கம்தான். ஆகவே மின்னஞ்சல் கணக்குக்குத் தனியான, வேறெங்கும் பாவிக்காத கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் லொபி மேசையில் இருந்த குவியலை இணையத்தில் வைத்த மாதிரித்தான்.

5. அடையாள அட்டைப் பிரதியைக் கட்டுப்படுத்துங்கள்

நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

முதலில் அந்த இலக்கம் என்னவெல்லாம் சொல்லும் என்று பாருங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் 12 இலக்கம். 85545 என்று தொடங்கும் ஒரு பழைய இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 85 பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 545இல் 500 போக 45. ஜனவரியின் 31 போக மிச்சம் 14. ஆக, 1985 பெப்ரவரி 14இல் பிறந்த பெண். புதிய இலக்கத்தில் வருடம் நான்கு இலக்கமாக வரும், மற்றது அதே கணக்குத்தான்.

ஆகவே “ஐ.சி. நம்பரையும் பிறந்த திகதியையும் சொல்லுங்கள்” என்று போனில் சரிபார்ப்பது இரண்டு பூட்டு அல்ல, ஒரே பூட்டு. பிறந்த திகதியை ஏ.டி.எம். பின் இலக்கமாக வைத்திருப்பவர் அட்டைப் பிரதியோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். இன்றே மாற்றுங்கள்.

இனிப் பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, இடையில் மூன்று விடயம் எழுதுங்கள்: யாருக்கு, எதற்காக, எந்தத் திகதி. “இன்ன நிறுவனத்துக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்” என்பதுபோல. முகத்தையும் இலக்கத்தையும் மறைக்கக் கூடாது, மறைத்தால் திருப்பிவிடுவார்கள். ஆனால் எழுத்து படத்தின் ஓரத்தைத் தொட்டுப் போக வேண்டும். வெறும் விளிம்பில் எழுதினால் அதை மடித்துவிட்டு மறுபடி பிரதி எடுத்துக்கொள்ளலாம். பெறுபவருக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள், சிங்களமோ ஆங்கிலமோ. தமிழில் மட்டும் எழுதியதைப் படிக்கத் தெரியாதவர் அதைக் கவனிக்கப்போவதில்லை. கறுப்புப் பேனை பிரதியின் கறுப்போடு கலந்துவிடும், அதனால்தான் நீலம்.

“இப்படிக் கீறினால் எடுக்கமாட்டோம்” என்று சொல்லும் கவுன்டர்களும் உண்டு. அப்போது மூல அட்டையைக் காட்டி, அவர் முன்னாலேயே எழுதுகிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்டவர்களில் இரண்டு பேருக்குத்தான் மறுத்தார்கள், அதிலும் ஒரு இடத்தில் மேலதிகாரி வந்து வாங்கிக்கொண்டார்.

பிரதி எடுக்கும் கடையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. காலி வீதியோரம் கொமியூனிகேஷன் கடைக்கு அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, பிரின்ட் எடுத்து, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். படம் அந்தப் போனில் இருக்கிறது, கடைக் கணினியில் இருக்கிறது, நாளைக்கு அந்தக் கணினியைத் திருத்தக் கொடுத்தால் அங்கேயும் இருக்கும். மூல அட்டையைக் கொண்டுபோய் மெஷினில் எடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், படத்தின் மேல் மேலே சொன்ன வாசகத்தை எழுதி அனுப்புங்கள், பிரின்ட் கைக்கு வந்ததும் நின்று அழிக்கச் சொல்லுங்கள். மங்கலாக வந்துவிட்டது என்று கடைக்காரர் கூடைக்குள் போடும் தாளையும் கேட்டு வாங்குங்கள். அதுவும் உங்களுடையதுதான்.

சீட்டிழுப்புக் கூப்பனில் ஐ.சி. இலக்கம் எழுதும் வேலையை விட்டுவிடுங்கள். தெரியாத கடன் செயலிக்கு அட்டையின் இரு பக்கத்தையும், அட்டையைப் பிடித்தபடி எடுத்த முகப்படத்தையும் அனுப்பாதீர்கள். அந்த மூன்று படமும் சேர்ந்தால் வேறொரு செயலியில் வேறொருவர் கடன் எடுக்கப் போதும். கடன் வேண்டுமென்றால் இலங்கை மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று அதன் இணையத்தளத்திலுள்ள பட்டியலில் பார்த்துவிட்டு எடுங்கள்.

6. கேட்டு வாங்குபவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வையுங்கள்

வங்கியிலிருந்து என்று அழைத்து ஓ.டி.பி. கேட்டால் அது வங்கி இல்லை. இதை எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், இருந்தும் கொடுக்கிறார்கள். ஏனென்றால் அழைப்பவர் உங்கள் பெயரையும் மாடி இலக்கத்தையும் முதலில் சொல்லிவிடுகிறார், நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்தப் பெயரும் இலக்கமும் எந்த உறையிலும் இருக்கும். வயதானவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பதில் ஒன்றுதான்: “மகன் வந்ததும் பேங்குக்கே வாறம்.” போனை வைத்துவிடலாம், மரியாதைக்கும் குறைவில்லை.

தபால் பொதி தேங்கி நிற்கிறது, முகவரி பூரணமில்லை, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். அப்படிப்பட்ட செய்திகள் பற்றித் தபால் திணைக்களமே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. பொதி வரவேண்டி இருந்தால் வெள்ளவத்தைத் தபாலகம் நடந்துபோகும் தூரம், போய்க் கேளுங்கள்.

வாசலுக்கு வரும் பொதியிலும் ஒன்று உண்டு. நீங்கள் கேட்காத பொதி, சரியான பெயர், சரியான இலக்கம், கொடுக்கும்போது காசு. வீட்டிலிருக்கும் அம்மா பிள்ளை எடுத்ததாக நினைத்துக் கட்டிவிடுவார். யார் எதை வரவழைத்தாலும் குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு வரி போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரி இல்லாத பொதி திரும்பிப் போகட்டும்.

அடுத்தது கொஞ்சம் மனதைக் கஷ்டப்படுத்தும். நம்முடைய மரண அறிவித்தல்கள். பிறந்த இடம், வதிவிடம், பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர், மருமக்கள், யார் கனடாவில், யார் லண்டனில், கீழே எல்லாருடைய போன் இலக்கமும். சில நிறுவனங்கள் இரகசியக் கேள்வியாக இன்னும் கேட்பது தாயின் கன்னிப்பெயரை. நமக்கு அது பெரும்பாலும் தாயின் தகப்பன் பெயர்தான், அது அறிவித்தலின் இரண்டாம் வரியிலேயே இருக்கிறது. அறிவிக்காமல் இருக்க முடியாது. தொடர்புக்கு ஒரே ஒரு இலக்கம் போடுங்கள், வங்கியில் பதியாத இலக்கமாகப் பாருங்கள். வீட்டு இலக்கத்தை விட்டுவிட்டு வீதியோடு நிறுத்துங்கள். இரகசியக் கேள்விக்கு உண்மையான பதிலைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு சொல்லைப் போடுங்கள்.

7. இப்போது அழியுங்கள்

காலி முகத்திடலில் கடலை வாங்கினால் சுருளைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பரீட்சைத்தாள் வரும், சில நேரம் யாரோ ஒருவரின் பெயர், சம்பளத்தோடு அலுவலகக் கடதாசியும் வரும். போத்தல் பேப்பர்காரருக்கு நிறுவைக்குப் போட்ட கடதாசி இப்படித்தான் ஊர் சுற்றுகிறது. பத்திரிகையைப் போடுங்கள். பெயர் அச்சிட்ட எதையும் போடாதீர்கள்.

மெஷின் வாங்குவதானால் நீளப் பட்டியாக மட்டும் வெட்டுவதை வாங்காதீர்கள், பொறுமை இருப்பவன் ஒட்டிவிடுவான். குறுக்காகவும் வெட்டி, அரிசி அளவில் துண்டாக்குவதே உதவும். மெஷின் இல்லாமலும் செய்யலாம். வாளியில் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து உக்கும் குப்பையோடு போடுங்கள். மாடி வீட்டில் எரித்தால் புகை, சண்டை, இரண்டும் வரும்.

பொதியின் மேல் ஒட்டிய பெயர்த்தாளை உரித்து எடுங்கள். மார்க்கரால் கறுப்படித்தால் சரிவாகப் பிடித்துப் பார்க்கும்போது வாசிக்க முடிகிறது. பழைய வங்கி அட்டையைச் சிப்பின் நடுவாலும் பின்பக்கக் கறுப்புப் பட்டியின் குறுக்காகவும் வெட்டி, துண்டுகளை இரண்டு வெவ்வேறு நாள் குப்பையில் போடுங்கள்.

அழிக்கக் கூடாதவற்றை முதலில் பிரித்தெடுத்து பைலில் வையுங்கள்: காணி உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வரிக் கடிதங்கள், கடன் கட்டி முடித்ததற்கான கடிதம். கடைசியாகச் சொன்னதை உற்சாகத்தில் அழித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

8. வீடு மாறும்போது

சாவியைக் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் தொடங்குங்கள். முதல் படியில் எழுதிய பட்டியல் இங்கே கைகொடுக்கும், அதை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முதலில் வங்கி, பிறகு காப்புறுதி, பிறகு மற்றவை. பழைய முகவரிக்குரிய தபாலகத்திலும் புதிய முகவரியை எழுத்தில் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே மாடி வாங்கி வாடகைக்கு விட்டவர்களின் பெட்டிதான் எங்களிடம் எப்போதும் நிரம்பி வழியும். அவர்களின் வங்கிக் கடிதம் வாடகைக்காரர் கைக்குப் போகிறது. முகவரியை மாற்ற முடியாவிட்டால் நம்பிக்கையான ஒரு சொந்தக்காரரின் முகவரியைக் கொடுங்கள்.

முன்பு இருந்தவரின் கடிதம் உங்களுக்கு வந்தால் பிரிக்காமல், ஆள் இங்கே இல்லை என்று உறையில் எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை திரும்பினால் அனுப்பியவர் நிறுத்துவார். குப்பையில் போட்டால் வந்துகொண்டே இருக்கும்.

9. வருடத்துக்கு ஒரு தடவை பாருங்கள்

உங்கள் பெயரில் கடன் எடுக்கப்பட்டிருந்தால் அது தெரியவரும் இடம் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, எல்லாரும் கிரிப் என்பார்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன்கள் அங்கே பதிவாகும். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம், எப்படி என்று உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள்.

கிரிப் என்றாலே கறுப்புப் பட்டியல் என்று பயந்து பலர் கேட்பதில்லை. அது வெறும் பதிவு, ஒழுங்காகக் கட்டிய கடனும் அதில் இருக்கும். பார்க்க வேண்டியது மூன்றுதான்: தெரியாத கடன் இருக்கிறதா, பிணை நின்றதாக உங்கள் பெயர் இருக்கிறதா, முடித்த கடன் இன்னும் திறந்திருக்கிறதா. பிணை என்பதைத் தவறவிடாதீர்கள். ஆள்மாறாட்டம் கடன்காரராக மட்டும் நடப்பதில்லை.

10. நடந்துவிட்டால்

ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் இணையக் கணக்கையும் நிறுத்துங்கள். போன் திடீரென்று சிக்னல் இல்லாமல் போயிருந்தால், வேறு போனிலிருந்து கம்பனிக்கு அழைத்து யாராவது உங்கள் இலக்கத்துக்கு மாற்றுச் சிம் எடுத்தார்களா என்று கேளுங்கள். பொலிஸுக்கு முதலில் ஓடினால், முறைப்பாடு எழுதி முடிவதற்குள் கணக்கு காலியாகிவிடும்.

அடுத்தது ஆதாரம். வந்த குறுஞ்செய்தி, அழைத்த இலக்கம், நேரம், எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். வெட்கத்தில் அழித்துவிடுவார்கள், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் பொலிஸ் நிலையம். போகுமுன் நடந்ததைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேட்கலாம். சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்துப் போடுங்கள். “அட்டை தொலைந்தது” என்று மட்டும் எழுதினால் போதாது, “என் விவரத்தைப் பாவித்து இன்னது செய்யப்பட்டிருக்கிறது” என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கடன் கம்பனியோடு வாதாட அந்தத் தாள் உதவாது.

வட்ஸ்அப், மின்னஞ்சல், முகநூல் கணக்கு பறிபோனால், கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101ஐ அழையுங்கள். வங்கி உங்கள் எழுத்து முறைப்பாட்டுக்குச் சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935இல் அறிவிக்கலாம். அங்கே முதலில் கேட்பது வங்கிக்குக் கொடுத்த கடிதத்தைத்தான், ஆகவே வாய்வழியாகச் சொன்னதோடு நிற்காதீர்கள்.

அட்டையே தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம அலுவலரிடம் போய் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்களுக்குப் பிரதேச செயலகம் திம்பிரிகஸ்யாய. புது அட்டை வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அட்டைதான் புதிது, அதிலிருந்த உங்கள் விவரம் மாறவில்லை. பழைய அட்டையை எடுத்தவனிடம் அது இன்னும் இருக்கிறது. ஒன்பதாம் படியை அந்த வருடம் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள்.

முறைப்பாட்டுப் பிரதியை மூன்று எடுத்து, ஒன்றைப் பைலின் முதல் தாளாக வையுங்கள். எடுக்காத கடனுக்கு வசூலிக்க ஆள் வந்து மணி அடிப்பது பெரும்பாலும் நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில்தான். கதவைத் திறக்கும் அம்மாவுக்கு அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.